மரகதம் போட்ட பதினோரு குறிச்சொற்கள்

எங்கள் ஊரில் லாரி இல்லாத வீடு கிடையாது, லாரி வாசலில் நிற்கிற வீடும் கிடையாது. எல்லா லாரியும் எங்கோ போய்க்கொண்டே இருக்கும், எல்லா வீட்டிலும் ஒரு பெண் எதையாவது பாதியில் வைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வண்டி கிளம்பும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம், சூடம் காட்டுவோம், புகை அடங்கும்வரை வாசலைப் பெருக்க மாட்டோம், ஆனால் எங்கே போகிறாய் என்று மட்டும் கேட்க மாட்டோம். கிளம்பின ஆளைப் பார்த்து அப்படிக் கேட்பது சகுனத்தடை. வாய் தவறிக் கேட்டுவிட்டால் கேட்கப்பட்டவர் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்க வேண்டும். போனிலும் கேட்க மாட்டோம், வண்டி ஓடிக்கொண்டிருப்பதும் எங்கள் கணக்கில் கிளம்புவதோடு சேர்த்திதான். அதனால் வெண்ணாம்பாளையத்துப் பெண்களுக்குப் புருஷனுக்கு எந்தக் காது மந்தம், எந்தக் காய் ஆகாது என்பதெல்லாம் தெரியும். அவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியாது.

இந்தத் தெரியாமையில் பிறந்ததுதான் 'வண்டித்தடம்' என்கிற எங்கள் இணைய மன்றம். புருஷனைத்தானே கேட்கக்கூடாது, ஊரைக் கேட்கலாமே என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு பெண்கள் தொடங்கினோம். இன்று நாலாயிரம் பேர். "நம்ம வண்டியை யாராச்சும் பாத்தீங்களா" என்று ஒருத்தி எழுதுவாள். சோலாப்பூர் பக்கம் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த எவரோ பார்த்தேன் என்று பதில் போடுவார். அதற்கு நான்தான் அட்மின். பெயர் சௌந்தரி, வயது ஐம்பத்திரண்டு, வேலை டயர் ரீட்ரெடிங் கம்பெனி ஆபீசில், குணம் கொஞ்சம் கடுகடு. கடுகடு ஆனது இந்த மன்றத்தால்தான், அதற்கு முன் நான் சிரித்த முகம் என்று என் தங்கை சொல்லுவாள்.

புதிதாகச் சேருகிறவர்களுக்காக நான் ஒரு விளக்கம் எழுதி, எல்லாப் பதிவுகளுக்கும் மேலே, கண்ணில் குத்துகிற மாதிரி நிறுத்தி வைத்திருந்தேன். குறிச்சொல் என்றால் என்ன என்பதுதான் விஷயம். பார்சல் ஆபீசில் மூட்டையின் மேல் ஊர்ப்பெயர் எழுதுகிறோம் அல்லவா, அதுதான் குறிச்சொல். ஒரே ஊர் எழுதின மூட்டையெல்லாம் ஒரே வண்டியில் ஏறும், அதேபோல ஒரே குறிச்சொல் போட்ட பதிவெல்லாம், அதைத் தட்டினால், ஒன்றாக வந்து நிற்கும். ஒரு பதிவுக்குக் குறைந்தது ஒன்று வேண்டும், ஒன்றுகூட இல்லாத பதிவு எங்கேயும் சேராமல் தொலைந்துபோகும். போட்டவரும் அட்மினும் மட்டுமே அதை எடுக்க முடியும். விஷயம் எதைப் பற்றியதோ அதைப் போடுங்கள், நீங்கள் எதற்கு ஆசைப்படுகிறீர்களோ அதைப் போடாதீர்கள். புதுக் குறிச்சொல் வேண்டும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். இவ்வளவுதான். நாலாயிரம் பேரில் இதைப் படித்தவர் ஒருவர்கூட இல்லை என்று நான் கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்வேன். கத்தரிக்காய்ப் பொரியலுக்கு ஒருத்தி 'அவசரம்' என்று போட்டாள். மாமியாரைப் பற்றிப் புலம்பிய ஒருத்தி 'பழுது' என்று போட்டாள். நான் திருத்திக்கொண்டே இருந்தேன்.

இப்படி இருக்கையில் ஆனி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில், மன்றத்தில் 'பழுது' என்று குறிக்கப்பட்டதெல்லாம் அரசுப் பள்ளி மைதானத்தில் வந்து நின்றன. பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டாருக்கும் யாரோ அந்தக் குறிச்சொல்லைப் போட்டிருந்தார்கள். அதைத் தூக்க முடியாது என்பதால் மற்றதெல்லாம் அதைத் தேடிக்கொண்டு வந்துவிட்டன. பதினேழு மிக்ஸி, ஒன்பது மொபெட், கதவு சாத்தாத ஒரு பீரோ, முழங்கால் வலிக்கு மருந்து கேட்டிருந்த அர்த்தனாரி வாத்தியார், அவருக்குப் பக்கத்தில் அந்த மாமியார். மாமியாருக்கு எப்படித் தான் அங்கே வந்தோம் என்பதைவிட எதற்காக மொபெட்டுகளோடு வந்தோம் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது, அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை.

ஊர் என்ன செய்தது என்றால், மெக்கானிக் காதர்பாய் தன் பட்டறையை மைதானத்துக்கே மாற்றிக்கொண்டார். 'விற்பனை' குறித்த ஆடுகள் தாமாகவே சந்தைக்கு நடந்தன, பின்னால் ஓட்டிப் போக ஆள் வேண்டியிருக்கவில்லை. 'வரன்' போட்டவர்கள் நாற்பத்திரண்டு பேர் ஒரு வியாழக்கிழமை கல்யாண மண்டபத்தில் சேர்ந்தார்கள், வந்தது வந்துவிட்டோம் என்று சமையல் செய்தார்கள், அதில் இரண்டு நிச்சயமும் ஒரு சண்டையும் ஆனது. வார்டு மெம்பர் பெயருக்கு எதிர்க்கட்சிக்காரர் யாரோ 'விற்பனை' என்று போட்டுவிட, அவர் வெள்ளை வேட்டியோடு சந்தையில் ஆடுகளுக்கு நடுவே நின்றதை ஊரே பார்த்தது. அவரும் வெட்கப்படாமல் அங்கேயே நின்று ஓட்டுக் கேட்டார். பஞ்சாயத்து ஆட்டோவில் மைக் கட்டி, பொதுமக்கள் தேவையில்லாமல் ஒருவரையொருவர் குறிக்க வேண்டாம் என்று மூன்று நாள் அறிவித்தது. அப்புறம் அறிவித்தவருக்கே எவரோ 'மழை' என்று போட்டுவிட, அவர் மழை பெய்கிற ஊராகத் தேடிப் போய்விட்டார்.

கெட்டது என்னவென்றால், யாருக்கும் கால் தரிக்கவில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போனார், குளிக்கப் போனவர் ஈரத்தலையோடு தெருவில் நடந்தார், செருப்புக்கடையில் செருப்பு தீர்ந்தது. எங்கே போகிறோம் என்று நடக்கிறவருக்கே தெரியவில்லை, கேட்கவும் வழியில்லை, கேட்பது சகுனத்தடை ஆயிற்றே. எனக்கு எந்தப் புண்ணியவானோ 'விளக்கம்' என்று போட்டிருந்தார், நான் எடுக்க எடுக்க எவராவது மறுபடி போட்டார்கள். ஊரில் எவருக்குக் குறிச்சொல் விளங்கவில்லையோ அவர் வாசலுக்கு என் கால் போனது, அதாவது எல்லா வாசலுக்கும் போனது. நான் மூட்டையையும் ஊர்ப்பெயரையும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி, சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது காலே என்னுடையதல்ல என்று தோன்றும்.

அப்படி ஒரு காலை என் கால் போய் நின்ற வீடு மரகதத்தினுடையது. மேற்குத் தெருக் கடைசி வீடு. மன்றத்தில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. புருஷன் நல்லப்பன் வண்டி எடுத்துப் போய் எழுபது நாள், அதில் கடைசி ஐம்பது நாளாகப் போன் இல்லை. பதினெட்டு வருஷமாக அவர் கிளம்பும்போது வாயை மூடிக்கொண்டிருந்த மரகதம், மன்றத்தில் முதல் பதிவை எழுதி, எந்தக் குறிச்சொல் என்று கேட்ட இடத்தில், அங்கே இருந்ததில் அவருக்குப் பொருந்துமோ என்று பட்டது அத்தனையையும் தட்டியிருந்தாள். வடக்கு, மேற்கு, கிழக்கு, லோடு, பழுது, டீசல், செக்போஸ்ட், மழை, ஆஸ்பத்திரி, அவசரம், வீட்டில். பதினொன்று.

"ஏம்மா, மேல பெருசா எழுதி வச்சிருக்குதே, படிக்கலியா?" என்றேன்.

"படிச்சனுங்கக்கா. எதப் பத்தியோ அதப் போடுன்னு இருந்துச்சு. எதப் பத்தின்னு எனக்குத் தெரிஞ்சாத்தான் நான் எதுக்கு எழுதறேன்?"

படித்தவள் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

"வடக்க போயிருந்தா மேற்குன்னு போட்டது தப்பாயிரும். மேற்க போயிருந்தா வடக்குன்னு போட்டது தப்பாயிரும். எல்லாத்தயும் போட்டுட்டா ஒண்ணாச்சும் சரியா இருக்குமில்லீங்க?" என்றாள் அவள்.

பதினோரு ஊர் எழுதின மூட்டை என்ன ஆகும் என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நல்லப்பன் வீட்டுக்குள் வந்தார். பின்கட்டு வழியாக வந்து, அடுப்படியில் தம்ளரை எடுத்து, மோர்ப்பானையிலிருந்து மொண்டு, கால் தம்ளர் குடித்து, எங்கள் இருவரையும் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு முன்வாசல் வழியாக இறங்கிப் போனார். தெருமுனை திரும்புவதற்குள் அவர் இல்லை. அதே நேரத்தில் மன்றத்தில் ஒருவர், நல்லப்பனை இப்போதுதான் குவாஹாத்தி பக்கம் ஒரு டீக்கடையில் பார்த்தேன், கூப்பிட்டேன், நிற்கவில்லை என்று எழுதினார். இன்னொருவர் மேற்கே பரூச் சுங்கச்சாவடியில் பார்த்தார். காதர்பாய் மைதானத்திலிருந்து போன் செய்து, உங்க ஆள் மிக்ஸிகளுக்கு நடுவுல வந்து நின்னுட்டுப் போறாரு என்றார்.

"தெனமும் நாலு தடவ வர்றாருங்கக்கா," என்றாள் மரகதம். "வந்தா கால் தம்ளர் மோர். அதுக்கு மேல நிக்க விடமாட்டேங்குது."

நான் அவரை அடுத்த நாளும் பார்த்தேன், அதற்கடுத்த நாளும் பார்த்தேன். மூன்று மாநிலத்துப் புழுதி அவர் மேல் இருந்தது, ஒரு தோள் மழையில் நனைந்தும் ஒரு தோள் வெயிலில் காய்ந்தும் இருந்தது. செருப்பு முதலில் தேய்ந்தது, பிறகு குதிகால் தேய்ந்தது, பிறகு ஆளே தேயத் தொடங்கினார். வந்த முதல் நாள் சட்டை அவருக்குச் சரியாக இருந்தது. ஒரு வாரத்தில் அது கம்பத்தில் மாட்டின மாதிரி தொங்கியது. இதே கணக்கில் போனால் ஆடிக்குள் சட்டை மட்டும்தான் வரும் என்று காதர்பாய் என்னிடம் தனியாகச் சொன்னார். ஒரே ஆளைப் பதினோரு இடத்துக்குப் பங்கு போட்டால் காணுமா என்ன.

எடுத்துவிடலாம் என்று நான் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றையாவது மிச்சம் வைக்க வேண்டும், அது எது? இந்தப் பதினொன்றில் எது அவர் உண்மையாக இருக்கிற இடமோ அதை எடுத்துவிட்டு, பொய்யை மட்டும் மிச்சம் வைத்தால் அப்புறம் அவர் எங்கேயும் இல்லாதவர் ஆகிவிடுவார். மரகதம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத எடுத்துறாதீங்கக்கா, அங்கதான் இருந்தார்னா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். எடுக்காமல் விட்டால் தேய்கிறார், எடுத்தால் தொலைகிறார்; எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பன்னிரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னவள், இவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் அவள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நல்லப்பன் வந்தார். பின்கட்டு, தம்ளர், மோர். தலையை ஆட்டினார், அந்த ஆட்டலும் இளைத்திருந்தது. வாசல்படியில் அவர் கால் வைத்தபோது மரகதம் எழுந்தாள். தாலி கட்டின நாளிலிருந்து அவள் கேட்காதது, அவள் அம்மா கேட்காதது, எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் படியிறங்குகிற முதுகைப் பார்த்துக் கேட்காதது, அதை அவள் தெருவுக்கே கேட்கிற சத்தத்தில் கேட்டாள்.

"ஏனுங்க, எங்க போறீங்க?"

எதிர்வீட்டு அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். நல்லப்பனின் கால் படியிலேயே நின்றது. பதினோரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது எதுவாக இருந்தாலும் அதற்கும் எங்கள் ஊர் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் திரும்பினார், உள்ளே வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். மரகதம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விளிம்பு வரை நிரப்பியிருந்தாள். அதைக் குடித்து முடிக்கிறவரைதான் அவர் இருப்பார் என்று மூவருக்கும் தெரியும்.

"நாக்பூர் தாண்டி ஒரு ஊரு," என்றார் அவர், ஒரு மடக்குக் குடித்துவிட்டு. "சைக்கிள்காரன் ஒருத்தன் குறுக்க வந்துட்டான். எம்மேல தப்பா அவன்மேல தப்பான்னு இன்னும் தெரியல. நாந்தான் தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரில சேத்தேன். இடுப்பெலும்பு. அவன் பேசறது எனக்கொரு எழுத்து வெளங்காது, நாம் பேசறது அவனுக்கு வெளங்காது. பாக்க வர்றதுக்கு ஒரு ஆளில்ல அவனுக்கு. துணைக்கு இருக்கேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"பண்ணுனா நீ வந்துருங்கன்னு சொல்லுவே. நான் வந்துருவேன், மரகதம். அதுக்குப் பயந்துதான் பண்ணல."

அவர் இன்னொரு மடக்குக் குடித்தார். மரகதம் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் பாதத்தின் வெடிப்பையே பார்த்தாள்.

"இப்ப கொஞ்ச நாளா அவன்கிட்ட உக்கார முடியல," என்றார் நல்லப்பன். "ஒரு வாய் கஞ்சி ஊட்டறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிர்றேன். எங்கெங்கயோ நிக்கறேன். அவன் கதவையே பாத்துட்டுக் கெடக்கறான்."

அவரை அப்படி எழுப்பி அலையவைத்தது யார் என்று அவருக்குத் தெரியாது, மரகதத்துக்குத் தெரியும். அவள் முகம் என்னமோ ஆனது, அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, போனைப் பார்த்தேன். போனில் அவளுடைய பதிவு திறந்திருந்தது. பத்தை எடுத்துவிட்டு 'வீட்டில்' என்பதை மட்டும் வைத்தால் அவர் இந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டார். 'வீட்டில்' என்கிற குறிச்சொல் மட்டும் அவரவர் வீட்டுக்கே இழுத்தது, அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் அவளாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், இப்போதும் மறைக்காமல் சொல்கிறேன். பத்து தட்டு, தீர்ந்தது; நாக்பூர்க்காரனை அவன் சாமி பார்த்துக்கொள்ளட்டும்.

"அக்கா, 'ஆஸ்பத்திரி'யை மட்டும் வச்சுட்டா?" என்று மரகதம் கேட்டாள்.

"நம்மூரு பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துரும்மா. அந்தப் பேருல இருக்கறவங்க எல்லாம் அங்கதான் கெடக்கறாங்க. ஒரே பேரு போட்டவங்கதான் ஒருத்தரையொருத்தர் இழுக்கறது."

"அப்ப யாருமே இல்லாத பேரு ஒண்ணு வேணும். அப்பத்தான் எந்தப் பக்கமும் இழுக்காம அவன்கிட்டயே இருப்பாரு."

"புதுசா நான் தர்றதில்ல. எழுதியே வச்சிருக்கேன்." பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

"துணைக்குன்னு ஒண்ணு வச்சுக் குடுங்கக்கா."

சொம்பில் இரண்டு மடக்குதான் பாக்கி இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் நூறு பேர் கெஞ்சியும் செய்யாததை நான் செய்தேன். 'துணைக்கு' என்று எழுதி, புதுக் குறிச்சொல்லாகச் சேர்த்து, போனை அவளிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். வடக்கை எடுத்தாள், மேற்கை எடுத்தாள், கிழக்கை எடுத்தாள், ஒவ்வொன்று போகும்போதும் நாற்காலியில் இருந்தவர் கொஞ்சம் நிமிர்ந்தார், தோளில் ஈரம் காய்ந்தது, சட்டைக்குள் உடம்பு நிறைந்தது. டீசல், மழை, செக்போஸ்ட், லோடு, பழுது, ஆஸ்பத்திரி, அவசரம். 'வீட்டில்' மட்டும் மிச்சம் இருந்தபோது அவர் பழைய நல்லப்பனாக, வண்டி எடுத்துப் போன நாளின் நல்லப்பனாக, முழுசாக உட்கார்ந்திருந்தார். மரகதம் அவரைக் கண்ணாரப் பார்த்தாள். அவர் முழங்காலில் ஒரு தடவை கை வைத்தாள்.

"நீ எதச் சொன்னாலும் சரி," என்றார் அவர்.

"தண்ணியக் குடிங்க," என்றாள் அவள். 'துணைக்கு' என்பதைத் தட்டினாள், பிறகு 'வீட்டில்' என்பதை எடுத்தாள். சொம்பு நாற்காலியில் இருந்தது, அவர் இல்லை.

நான் அழுதேன். அவள் அழவில்லை. உள்ளே போய் இரண்டு சேலையும் ஒரு போர்வையும் பையில் எடுத்து வைத்தாள், அடுப்பை அணைத்தாள், மோரை எதிர்வீட்டுக்குக் கொடுத்தாள், சாவியை என் மடியில் போட்டாள். பிறகு வாசலில் நின்றபடியே மன்றத்தில் இரண்டாவது பதிவு எழுதினாள். பெயர் மரகதம், ஊர் வெண்ணாம்பாளையம், கஞ்சி வைக்கத் தெரியும். குறிச்சொல் ஒன்றே ஒன்று.

அவள் கால் உடனே நகர்ந்தது. தெருமுனைவரை நானும் போனேன், எதிர்வீட்டு அம்மாவும் வந்தாள், எங்கே போறே என்று இருவருமே கேட்கவில்லை, கேட்டு அவளை உட்காரவைக்க எங்களுக்கு மனமில்லை. பால் சொசைட்டியைத் தாண்டும்போது பை தெரிந்தது, வேன் ஒன்று குறுக்கே போனது, அதற்கப்புறம் சாலைதான் இருந்தது.

நானும் நிற்க முடியாமல் அடுத்த வாசலுக்கு நடந்தேன், அங்கே ஒருத்தர் சைக்கிள் விற்க 'வரன்' என்று போட்டிருந்தார். நாலு நாள் இப்படியே நடந்தேன். நடக்கும்போதெல்லாம் அந்தக் குறிச்சொல்லைத் தட்டிப் பார்ப்பேன். மரகதம் நல்லப்பனுக்குப் போட்ட பதிவு, தனக்குப் போட்ட பதிவு, இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், வேறு தகவல் வராது. ஐந்தாம் நாள் காலை தட்டினபோது மூன்று வந்தன. மூன்றாவதை எழுதியவர் புதியவர், அன்றைக்குத்தான் மன்றத்தில் சேர்ந்திருக்கிறார். நான் படிக்க முடியாத எழுத்தில் இரண்டே வரி எழுதியிருந்தார், கீழே ஆஸ்பத்திரிக் கட்டில்மேல் மூன்று தம்ளர் இருக்கிற படம் ஒன்று. பக்கத்திலிருந்து யாரோ அவருக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே குறிச்சொல்தான் போட்டிருந்தார், அதுவும் சரியாக இருந்தது.